கேட்டு வெட்டிய பட்டை

உட்காருங்க அண்ணாச்சி. அந்த ஸ்டூலில் வேண்டாம், ஒரு கால் ஆடும். பாயில் உட்காருங்க. பட்டைக்குத்தானே வந்தீங்க? கையில் பச்சை மஞ்சளைப் பார்த்ததுமே தெரிந்துபோச்சு. பஸ் ஸ்டாப் கடைக்காரர் சொல்லியிருப்பார், வெறுங்கையோடு போகாதீங்க என்று. அவர் கடையில் இப்போது மஞ்சள்தான் ஓடுகிறது.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். வர நேரமாகும். அங்கே விரல் வைக்கிற மெஷினில் அவள் விரல் தட்டையாகப் படியாது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார்கள். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள். அதுவரைக்கும் நான் பீடி சுத்திக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. சாயங்காலத்துக்குள் கடையில் போடணும். தூள் நெடி ஆகாதென்றால் வாசல் பக்கம் நகர்ந்துக்கோங்க.

யாருக்கு? மதினிக்கா. முழங்காலா. ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறார்களா? நிறுத்தப் போறீங்களா?

அந்தப் பட்டையில் ஒன்றும் கிடையாது அண்ணாச்சி. விறகுக்குக்கூட ஆகாத மரம். ஏன் சொல்கிறேன் என்றால், கேளுங்க.

அம்மாவுக்குக் கை போனது நான் பதினொன்றாம் வகுப்பு முடிக்கிறபோது. முதலில் காலையில் எழுந்தால் விரல் மடங்காது, வெந்நீரில் வைத்தால் மடங்கும். பிறகு வெந்நீரிலும் மடங்காது. கணுக்கணுவாக வீங்கி, தொட்டால் சுடும். பீடி சுத்துகிறவளுக்கு விரல்தானே எல்லாம்? இலையை வெட்டணும், தூளை வைத்து உருட்டணும், முனையை மடக்கணும், நூல் கட்டணும். அந்த முனை மடக்குவதுதான் வேலையே. அவளுக்கு அது போச்சு. பீடித் தட்டைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"கை சரியாகுத வரைக்குந்தாம்ட்டி. சரியான மறுநா நீ பள்ளிக்கூடம் போயிரணும்" என்றாள்.

ஹெட்மிஸ்ட்ரஸிடமும் போய் அப்படித்தான் சொன்னாள். அடுத்த ஜூன் வரைக்கும் பார்க்கிறேன், வந்தால் பன்னிரண்டில் சேர்த்துக்கொள்கிறேன், அதற்கு மேல் என்னால் ஆகாது என்று அந்த டீச்சர் சொன்னது. ஆக, அம்மாவுக்கு விரல் மடங்கினால் நான் பள்ளிக்கூடம். மடங்காவிட்டால் இது. அவ்வளவுதான் பேச்சு. எனக்கு ஒன்றும் படிப்பில் பெரிய ஆசை கிடையாது. உங்களுக்கு விஷயம் விளங்கணுமே என்று சொல்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடுகிற மாத்திரை. சாப்பிட்டால் வாய் புண்ணாகும், முடி கொட்டும். மாதாமாதம் ரத்தம் எடுக்கப் போகணும். அவளுக்குத் தனியாகப் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வராது, நானும் கூடப் போகணும். போனால் அன்றைக்குப் பீடி போச்சு.

அப்போதுதான் தாட்சாயணி அக்கா வந்து சேர்ந்தாள். மருந்துக் கல்லூரியில் பி.எச்.டி. பண்ணுகிறவள். வீக்கத்தை வற்ற வைக்கிற சத்து எந்த மரப்பட்டையில் இருக்கிறது என்று தேடுகிறாளாம். முதுகில் பை, கையில் சுத்தியல், உளி. மலையடிவாரம் முழுக்க அலைந்துவிட்டு எங்கள் தெருவில் வந்து கேட்டாள்: "இங்க ஒதிய மரம் எங்கீங்க இருக்குது?"

தெருவே சிரித்தது. ஒதியை யாராவது தேடிக்கொண்டு வருவார்களா? கதவுக்கு ஆகாது, கட்டிலுக்கு ஆகாது. வேலிக்கு ஊன்றி வைப்பது. பக்கத்து வீட்டுப் பரமசிவன் மாமா, "ஒதிக்கா பஞ்சம் தாயி? பஞ்சாயத்து ஆபீசுக்குப் போ, நாற்காலி போட்டு உக்காந்திருக்கும்" என்றார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மருந்துக்கு என்று ஒருத்தி வந்திருக்கிறாளே என்று, கால்வாய்க் கரையில் நிற்கிற ஒதியைக் காட்டக் கூட்டிப்போனாள். நானும் போனேன். அக்கா உளியை எடுத்து மரத்தில் வைத்ததும் அம்மா பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

"ஏ தாயி, நில்லு. கேட்டியா?"

"யாரைக் கேக்கோணுங்க? புறம்போக்குன்னு சொன்னீங்களே?"

"மரத்தை."

அது அம்மா பிறந்த வீட்டுப் பழக்கம். மருந்துக்கென்று மரத்தில் கை வைத்தால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவணும். அரைத்த மஞ்சளைக் கனமாகப் பூசணும். நூல் கட்டணும். இன்னாருக்கு இன்ன நோவு, கொஞ்சம் எடுத்துக்கிடுதேன் என்று வாய்விட்டுக் கேட்கணும். மஞ்சள் காய்ந்து வெடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அதற்குப் பிறகுதான் வெட்டு. கேட்காமல் எடுத்தால் மரம் சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். வெறும் தோல்தான் கையில் வருமாம்.

அக்காவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. "அடுத்த வாட்டி கேட்டுக்கறனுங்கம்மா" என்று டக் டக்கென்று கொத்தி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அம்மா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மழைக்கு அப்புறம் அக்கா போன் பண்ணினாள். மறுபடியும் அதே மரத்தின் பட்டை வேண்டுமாம், அவளால் வரமுடியாதாம். "நல்லாக் கழுவி, நெழல்ல காய வெச்சு, இடிச்சுத் தூளாக்கி பஸ்ஸுல போட்டுடு கண்ணு. வேற எதையும் கலந்துறாத." சரிக்கா என்றேன்.

எதையும் கலக்கவில்லை அண்ணாச்சி. கழுவச் சொன்னாள், மரத்தைக் கழுவினோம். அம்மா மஞ்சள் பூசினாள், நூல் கட்டினாள், "தாட்சாயணி, ஈரோட்டுப் பக்கம், படிப்புக்கு" என்று கேட்டாள். அவளுக்கு நோவு ஒன்றும் இல்லையே, அதனால் படிப்புக்கு என்றாள். காய்ந்ததும் நான் வெட்டினேன், இடித்தேன். கலக்கிறது வேறு, கேட்கிறது வேறு. அது எப்படிக் கலப்பதாகும்?

ஒரு தடவை நானே தூளை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன். கூண்டு கூண்டாக வெள்ளை எலி. அக்கா ஒன்றைத் துணியில் சுற்றிப் பிடித்துப் பின்னங்கால் பாதத்தில் ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் பாதம் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. வீங்க வைக்கிற மருந்தாம்.

"நீங்களே வீங்க வச்சு நீங்களே வத்த வைப்பீங்களா?" என்றேன்.

"ஆமா, வேற எப்படிக் கண்டுபுடிக்கறது?" என்றாள்.

சில எலிகளுக்குச் சும்மா தண்ணீர். சிலதுக்குக் கடை மாத்திரை. சிலதுக்கு அவளே கொத்திக்கொண்டு போன பட்டையின் சாறு. சிலதுக்கு நாங்கள் அனுப்பினது. கொடுத்துவிட்டு, பாதத்தைப் பாதரசத்தில் முக்கினால் அது குழாயில் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வீக்கம். வீங்கின எலிகள் அந்தக் காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றன. அம்மா விடிகாலையில் கையை மடியில் போட முடியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அப்படி.

"முடிஞ்ச பிறகு எலிய என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"டீ குடிக்கறயா?" என்றாள்.

இரண்டு பாட்டிலைக் காட்டினாள். அவள் கொத்தினதன் சாறு செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி. எங்களுடையது தங்கம். "ஒரே மரந்தான், பாரு. மழைக்கு முன்னாடி இல்லாத சத்து மழைக்குப் பின்னாடி ஏறியிருக்குது. பருவம் மாறுனா மரத்துக்குள்ள என்னென்னமோ மாறும்" என்று பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். தூளை மோந்துகூடப் பார்த்தாள். புகையிலை வாசம் வருது என்றாள். எங்கள் வீட்டில் சாமி படத்தை வைத்தாலும் புகையிலை வாசம்தான் வரும்.

பிறகு ஒரு நாள் போன். கை இலையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இசக்கிராணி! வத்திருச்சு! மாத்திரை அளவுக்கு வத்திருச்சு கண்ணு!"

அது பரமசிவன் மாமா வீடு வரைக்கும் கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். அக்கா அதற்கப்புறம் குரலை இறக்கி, "அம்மாவ மாத்திரைய நிறுத்த வேண்டாம்னு சொல்லு, எலிக்குத்தான் பாத்திருக்கறோம்" என்றாள். சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாள். ஆனால் முதலில் சொன்னது தெருவுக்கே கேட்டது, இது எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் ஒன்றுதான் கேட்டேன். "இது மருந்தா எப்பக்கா வரும்? ஜூனுக்குள்ள வந்திருமா?"

அவள் சிரித்தாள். "பதினஞ்சு வருசம் ஆனாலும் ஆகும். ஏன், ஜூன்ல என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டேன்.

மறுநாளே அம்மா அந்த மரத்திடம் தன் பேரைச் சொல்லிக் கேட்டு, கஷாயம் வைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். நான் பட்டையை வெட்டிக் கொடுத்தேன். அந்த மாதம் ஆஸ்பத்திரி நாள் வந்தபோது தட்டு நிறைய இலை கிடந்தது. "இந்த மாசம் போகாட்டி என்னம்மா, எலிக்கே வத்திட்டுல்லா" என்றேன். சரி என்றாள். அடுத்த மாதம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாத்திரை தீர்ந்துபோச்சு. அக்காவுக்குப் பொறுப்பு இருந்தால் ஒரு எட்டு நேரில் வந்து சொல்லியிருக்கலாம். அவளுக்கு எலிதான் பெரிசு.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஒரு நாள் தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு பீடி சுத்தினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு முனையை மடக்கினாள். "ஏட்டி, பாத்தியா?" என்று தூக்கிக் காட்டினாள். கோணலாக இருந்தது. கடையில் கழித்து எறிவார்கள். நான் அதை நல்லதோடு சேர்த்து வைத்தேன். அந்த வாரம் பள்ளிக்கூடப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் புத்தகம் மாறுகிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டுவைத்தேன். அவருக்குத் தெரியவில்லை. சும்மா கேட்டேன்.

பொங்கல் கழிந்து அக்கா வந்தாள். பையும் இல்லை, உளியும் இல்லை. இதோ நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க பட்டைய எப்படி எடுத்தீங்கன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கழுவினது, பூசினது, நூல் கட்டினது, கேட்டது எல்லாம் சொன்னாள்.

"மஞ்சள் எவ்வளவுங்க பூசுவீங்க?"

"தாராளமாத்தான் தாயி. உன் படிப்புக்குன்னா கஞ்சத்தனம் பாப்பனா? மரம் தெரியாத அளவுக்கு அப்புவேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தத் தங்கக் கலரைப் பிரித்துப் பிரித்துப் பொடியாக்கி, பெரிய மெஷின் இருக்கிற வேறு ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். உலகத்தில் யாரும் பார்க்காத ஒன்றைப் பிடித்துவிட்டோம் என்று. பதில் வந்திருக்கிறது, இது அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற மஞ்சள்தான் என்று. அவளுடைய சார் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "ஏம்மா, ஈரோட்டுப் பொண்ணுக்கே மஞ்சளைத் தெரியலையா?" என்றாராம். அவள் அப்பாவுக்கு மஞ்சள் மண்டியில் வேலை. மூட்டை மேலே படுத்துத் தூங்கி வளர்ந்தவளாம்.

"எனக்கு அந்த வாசமே தெரியாதுங்கம்மா. பொறந்ததுல இருந்து மூக்குக்குள்ளயே இருக்குது" என்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வத்துச்சா இல்லியா?" என்றாள்.

"வத்துச்சுங்க. ஆனா மரத்தால இல்லீங்க."

"அப்ப மஞ்சளையே எங்கம்மா திங்கட்டும்" என்றேன் நான்.

"எலிக்குக் குடுத்த கணக்குல மனுசனுக்குக் குடுக்கோணும்னா சோத்துக்குப் பதிலா மஞ்சளைத்தான் திங்கோணும். அப்பவும் அம்மாவோட நோய்க்கு அது பத்தாது கண்ணு." என் பக்கம் திரும்பினாள். "மாத்திரை சாப்பிடறாங்கல்ல?"

நான் இலை வெட்டிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவள் கேட்ட நேரம் அப்படி. அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. அக்கறை இருந்தால் கையைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.

அவளுக்கு இன்னும் ஒரு தடவை வெறும் பட்டை வேண்டும், மஞ்சள் படாதது. சாருக்குக் காட்டணுமாம். அம்மா மாட்டேன் என்றாள். நான் எழுந்து போனேன். "கேக்காமலா எடுக்கப் போற?" என்று பின்னாலேயே வந்து கத்தினாள். "ஆமா" என்றேன். மரத்தைப் பரபரவென்று தேய்த்துக் கழுவி, பழைய மஞ்சள் இல்லாத மேல் கிளையாகப் பார்த்து வெட்டி அக்கா கையில் கொடுத்தேன். மரம் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் போன் வந்தது. "ஒண்ணுமே இல்ல இசக்கிராணி. ஒரு எலிக்குக்கூட வத்தல. சும்மா பட்டை."

இதைச் சொன்னாலாவது அம்மா கஷாயத்தை விடுவாள் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கணுமே நீங்க! கல்யாண வீடு மாதிரி.

"நான் சொன்னம்லா? கேக்காம எடுத்தா வெறுந்தோலுதான் வரும்னு சொன்னம்லா?"

தெரு முழுக்கச் சொன்னாள். கேட்டு எடுத்த பட்டைக்கு வீக்கம் வற்றியது, கேட்காமல் எடுத்ததுக்கு வற்றவில்லை. காலேஜிலேயே எலிக்கு ஊசி போட்டுப் பார்த்துவிட்டார்கள். பொய்யில்லையே அண்ணாச்சி, அப்படித்தானே நடந்தது? நான் மஞ்சள், மஞ்சள் என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். "ஆமா, மஞ்சள் பூசிக் கேக்கணும்லா" என்கிறார்கள். பரமசிவன் மாமாவே தன் இடுப்புக்குப் பட்டை கேட்டு வந்து நின்றார். அப்புறம் வெளியூர் ஆட்கள். முதல் மரத்தைச் சுற்றிலும் உரித்து அது பட்டுப்போச்சு. இப்போது வெட்டுவது வாய்க்கால் முக்கில் நிற்கிற வேறு ஒதி.

பங்குனியில் அம்மாவின் விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடிந்து அப்படியே நின்றுவிட்டன. மடங்கணும் என்றுதானே கேட்டோம், மடங்கிவிட்டது. அவள் யாரிடமும் காட்டவில்லை, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா வேறு எதற்கோ இந்தப் பக்கம் வந்தவள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர்ச் சொம்பை அம்மா இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி நீட்டினதைப் பார்த்துவிட்டாள். சொம்பை வாங்கவே இல்லை. ஆட்டோ பிடித்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூட்டு ஒட்டிக்கொண்டது என்றார் டாக்டர். இனிமேல் மாத்திரை சாப்பிட்டால் மற்ற மூட்டுக்குப் போகாமல் தடுக்கலாம், போனது போனதுதான். நடுவில் நன்றாக இருந்ததே என்றேன். பழைய மாத்திரை உடம்பில் இருந்தவரைக்கும் இருந்திருக்கும் என்றார். யார் நிறுத்தச் சொன்னது என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன். அவள்தானே ஆரம்பித்தாள்.

ஜூன் வந்தது, போச்சு. டீச்சர் ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பினது. வரலை என்று சொல்லிவிட்டேன். அழுதேனா என்று பரமசிவன் மாமா வீட்டு அத்தை கேட்டாள். எதற்கு அழணும்? அன்றைக்கும் பீடி குறையாமல்தான் போட்டேன். இப்போதெல்லாம் கையைப் பார்க்காமலே முனை மடக்க வருகிறது. அக்கா அப்பப்போ போன் பண்ணுவாள், எடுப்பதில்லை. வேறு ஏதோ வேரை எலிக்குக் கொடுக்கிறாளாம்.

இப்போது அம்மா மாத்திரையும் சாப்பிடுகிறாள், நான்தான் பிரித்து வாயில் போடுகிறேன். அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான். மதினியின் மாத்திரையை நிறுத்தாதீங்க. அந்த மஞ்சளைக் குழம்புக்கு அரைக்கச் சொல்லுங்க.

இதோ, அம்மா வருகிறாள். அரிசியைத் தலையில் வைத்திருக்கிறாள் பாருங்க, அவள்தான். நீங்க கும்பிட்டால் திரும்பக் கும்பிடவில்லையே என்று நினைக்காதீங்க. அவளுக்கு உள்ளங்கை சேராது. மரத்திடமும் அவள் வாயால்தான் கேட்பாள். பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிடுவது நான். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் யாராவது கும்பிடணுமே, இல்லாவிட்டால் அவள் வெட்ட விடமாட்டாள்.

பஸ் ஹாரன் கேட்கிறது, இப்போது போனால் பிடித்துவிடலாம் அண்ணாச்சி.

போகலையா?

சரி. பை கொண்டு வந்திருக்கீங்களா, இல்லை நான் தரணுமா?